மூன்று மணிக்கு இரண்டு காட்சி

மேஜிக் ஷோவுக்குப் போனால் சம்மதம், டைவிங் ஷோவுக்குப் போனால் வேண்டாம். ஏற்பாடு இவ்வளவுதான், பால்வாடிக் குழந்தைக்குச் சொன்னாலும் புரியும் என்று தரகர் சென்னியப்பன் போனில் சொன்னார், பூங்கொடிக்கும் புரிந்தது, புரிந்ததால்தான் காட்சிப் பலகைக்கு முன்னால் கால் நகராமல் நிற்கிறாள். பலகையில் இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மாயாஜாலக் காட்சி, மூன்று மணி, குளிரூட்டப்பட்ட உள்ளரங்கம். சாகச டைவிங், மூன்று மணி, திறந்தவெளி, மழை பெய்தால் இல்லை. அதற்கும் கீழே பொம்மலாட்டம், நாய்க்குட்டிகளின் கணக்குப் பாடம், நுரை நடனம் என்று இன்னும் என்னென்னவோ. சென்னியப்பனுக்கு இந்தத் தொழிலில் ஒரே ஒரு கொள்கை, யாரும் யார் முகத்துக்கு நேராகவும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பெண் பார்க்க வீட்டுக்கு வந்து, பஜ்ஜி தின்று காப்பி குடித்து, வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று செருப்பை மாட்டும்போதே எல்லோருக்கும் பதில் தெரிந்துவிடுகிற சங்கடமெல்லாம் முதல் கல்யாணத்துக்குச் சரி, இரண்டாம் கல்யாணத்துக்காரர்கள் ஏற்கெனவே நொந்தவர்கள், அவர்களை மறுபடி வாசலில் நிறுத்தி நோகடிக்கலாமா என்பார். அதனால் கோயில், பொருட்காட்சி, ஜவுளிக்கடை, இப்போது கோயமுத்தூர்ப் பக்கம் இந்த உல்லாசப் பூங்கா. இரண்டு குடும்பமும் எதேச்சையாக வந்த மாதிரி வரவேண்டும், எதேச்சையாக ஒரே மேஜையில் சாப்பிடவேண்டும், மூன்று மணிக்கு அவரவர் மனசுப்படி அவரவர் காட்சிக்குப் போய்விடவேண்டும். மேஜிக் ஷோவில் இரண்டு பக்கமும் சந்தித்தால் உறுதி பண்ண நாள் பார்க்கலாம். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வராவிட்டால் வந்தவர்கள் மேஜிக் பார்த்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறலாம், மனசு நோகாது, மேஜிக்காவது பார்த்தோமே. சென்னியப்பன் கெட்டிக்காரர்தான்.

"ஏனம்மிணி, போர்டையே பாத்துட்டு நின்னா எப்புடி? நேரமாவுதல்ல?" என்றாள் நங்கை. அண்ணன் மனைவியை நங்கை என்று அழைப்பது இவர்கள் பக்கத்து வழக்கம். இந்த நங்கை நல்ல நங்கை, குரலில் மட்டும் கொஞ்சம் அவசரம். அண்ணன் இங்கே இல்லை, பிள்ளைகளைச் சாக்கு வைத்து அலைக்குளத்துக்கு ஓடிவிட்டான், தங்கை முடிவெடுக்கிற இடத்தில் நிற்பது அவனுக்கு எப்போதும் ஆகாது. "பாத்துட்டுத்தான் இருக்கறனுங்க நங்கை" என்றாள் பூங்கொடி. பார்ப்பது அவள் தொழில். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒரு துணியை விரித்தால் மற்றவர்களுக்குச் சட்டை தெரியும், அவளுக்கு ஓட்டைதான் தெரியும். விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, கழுத்துப் பட்டையில் ஒரு சுருக்கம். பெரிய குறை என்றால் மேஜர், தள்ளு. சின்னது என்றால் மைனர், மைனர்கள் சேர்ந்துபோனால் அதையும் தள்ளு. மத்தியானம் எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரையும் அவள் அப்படித்தான் விரித்துப் பார்த்தாள், வேறு விதமாகப் பார்க்க அவளுக்குத் தெரியாது. கிருபாகரன், உடுமலையில் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை, மனைவி இறந்து சில வருஷம், ஆறாவது படிக்கும் மகள் மித்ரா, ஒரு தாயார். நகக்கண்ணில் வார்னிஷ் கறை, மைனர். நீலச் சட்டையில் ஒரு பித்தான் மட்டும் வெள்ளை நூலில் தைத்திருந்தது, அதுவும் குறுக்காக இல்லாமல் சுற்றிச் சுற்றி, ஊசி பிடித்துப் பழகாத கை. அது மைனரா மேஜரா என்று அவளால் முடிவுகட்ட முடியவில்லை, சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பித்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசியது ஒரே ஒரு பேச்சு. "எலுமிச்சஞ் சாதம் எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார். "உப்புப் பத்தலைங்க" என்றாள். அவர் உப்புக் குப்பியை அவள் பக்கம் நகர்த்தினார், அது அடைத்துக்கொண்டு கொட்டவில்லை, மகள் அதை வாங்கி மேஜையில் இரண்டு தட்டுத் தட்டித் திரும்ப வைத்தாள், யாரையும் பார்க்காமல். அந்த உப்பைப் போட்டுக்கொண்டோமா இல்லையா என்று இப்போது ஞாபகம் இல்லை. போட்டிருந்தால் என்ன அர்த்தம், போடாவிட்டால் என்ன அர்த்தம் என்று அவருடைய தாயார் இந்நேரம் ஆராய்ந்துகொண்டிருப்பார்.

மேற்கே மேகம் கறுத்திருந்தது. மழை பெய்தால் டைவிங் இல்லை என்று பலகை சொல்கிறது. அப்படிப் பெய்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லப் போக இடமே இருக்காது, மொத்தப் பூங்காவும் உள்ளரங்கத்துக்குள் வந்து ஒண்டும், இரண்டு குடும்பமும் நனைந்த தலையோடு சம்மதித்துவிடும், கெட்டிக்காரர் இதை யோசித்தாரா தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, நங்கை பார்ப்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். மழை முடிவு செய்தாலும் நல்லதுதான், மதில்மேல் பூனையாக நிற்பவளுக்கு யாராவது ஒரு பக்கம் தள்ளிவிட்டால் போதும். வேண்டாம் என்றால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் அதன் வசதி. மாடியில் அவளுக்கென்று ஓர் அறை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் படுத்தால் சிமெண்டின் குளிர்ச்சி முதுகில் ஏறும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நாற்பது தாண்டியவளுக்கு அது பெரிய சொத்து. அண்ணன் மகள் பத்தாவது போகிறாள், அவளுக்குப் படிக்க ஓர் அறை வேண்டும் என்று நங்கை ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்லாதது படியேறும்போதெல்லாம் காதில் விழுகிறது. கல்யாண வீடுகளில் ஆரத்தித் தட்டை யார் கையில் கொடுக்கலாம் என்று தேடி வருகிற கண்கள் அவள்மேல் பட்டு, வழுக்கி, பக்கத்தில் நிற்பவள்மேல் போய் நிற்கும், அவளும் அந்த நேரத்தில் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்ளப் பழகிவிட்டாள். சரி, சம்மதம் என்றால்? உடுமலையில் ஒரு வீடு, சுவரில் மாலை போட்ட ஒரு படம், அந்தப் படத்துக்காரி வாங்கிவைத்த டம்ளர்கள், அவள் மடித்துவைத்த மடிப்புக் கலையாத போர்வைகள். அந்தப் பெண் மித்ரா தன்னை என்ன சொல்லிக் கூப்பிடும்? அம்மா என்று கூப்பிடச் சொல்லித் தருவார்கள், அது வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி நிற்கும், நிற்கட்டும், அந்த வயசில் தனக்கும் அப்படித்தான் நின்றிருக்கும். இதெல்லாம் மேலாக மிதக்கிற பயம்தான், கையைவிட்டுத் துழாவினால் அடியில் தட்டுப்படுவது ஒரு ஜவுளிக்கடைப் பை.

மஞ்சள் நிறப் பை, அவளுடைய முதல் கல்யாணத்துக்குப் பட்டெடுத்த கடையில் கொடுத்தது. வைகாசியில் கல்யாணம், கோபிப் பக்கம் மாப்பிள்ளை வீடு, ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை அழைத்துக்கொண்டு போக அப்பாவும் அம்மாவும் பலகாரத்தோடு வந்தார்கள். ஆடிக்குத் தாய்வீடு போவது ஊரில் எல்லாப் பெண்ணும் போவதுதான், ஆவணி பிறந்தால் மாமியார் வீட்டிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், அதற்கென்ன பெட்டியா கட்டுவார்கள், அந்தப் பையில் நாலு சேலையை எடுத்துவைத்தாள். புருஷன் வாசல்வரை வந்தான். மழை வர்றாப்புல இருக்குது, பாத்துப் போங்க என்றான், அவளிடம் அல்ல, மொத்தமாக எல்லோரிடமும். ஆவணி பிறந்தது. அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டு வடைக்கு ஊறப்போட்டாள், மாவு புளித்தது. வளர்பிறையில் வருவார்கள் என்றார் அப்பா. வளர்பிறை வந்தது, அவர்கள் வரவில்லை. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். காப்பி கொடுத்தார்கள், மஞ்சள் விலை பற்றிப் பேசினார்கள், நல்லாத்தான் பேசினாங்க என்றான். மறுபடி போனான், மோர் கொடுத்தார்கள், அணையில் தண்ணீர் திறந்ததைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு அடுத்த தடவை வீடு பூட்டியிருந்தது. கார்த்திகையில் ஒரு மினி லாரி வந்து நின்றது, அதிலிருந்து கட்டில், பீரோ, கிரைண்டர், அவளுடைய சீப்புகூட இறங்கியது, எங்கீங்க எறக்கறது என்று டிரைவர் கேட்டான், அந்தக் கல்யாணம் முடிந்துபோனதைப் பற்றி அவளிடம் யாராவது வாய்திறந்து பேசியது என்றால் அது ஒன்றுதான். கோர்ட்டில்கூட வக்கீல்கள்தான் பேசினார்கள், பரஸ்பர சம்மதம் என்று அதற்குப் பெயர், புருஷன் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காரணம் என்ன? அன்றிலிருந்து அதைத்தான் விரித்து விரித்துப் பார்க்கிறாள். ரசத்தில் புளி அதிகமா, குறட்டை விட்டாளா, மாமியார் தூங்கும்போது டிவி பார்த்தாளா, முழங்கை கறுப்பா, சிரிக்கும்போது ஈறு தெரிகிறதா, ஒருநாள் அவன் ஏதோ கேட்டு அவள் காதில் விழாமல் பதில் சொல்லாமல் இருந்தாளே அதுவா. ஒரு குறையைச் சொல்லித் தள்ளியிருந்தால் அந்தக் குறையோடு போயிருக்கும். சொல்லாததால் எல்லாமே குறையாகிவிட்டது, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை.

"மனசுல என்னதான் இருக்குதுன்னு சொல்லீரு கண்ணு, உன்னைய யாரும் கட்டாயப்படுத்தல" என்று நங்கை அவள் முழங்கையைத் தொட்டாள். "வேண்டாம்னுதானுங்க தோணுது." "அப்பச் செரி, உடு, டைவிங்குக்கே போலாம், குளுகுளுன்னு தண்ணியவாச்சும் பாப்பம்." முகம் வாடியதை நங்கை மறைத்தாள், மறைத்தது தெரிந்தது. அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள், பாதை பிரியும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் யானை தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது, அதைத் தாண்டும்போதுதான் பூங்கொடிக்கு இடறியது. கல் அல்ல, நினைப்பு. இப்போது தான் டைவிங் ஷோவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டால், அங்கே குளிரூட்டிய இருட்டில் ஒரு மனிதர் தலையைத் திருப்பித் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும். ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஊருக்குப் போகிற பஸ்ஸில் அவர் வார்னிஷ் கறையைப் பார்ப்பார், பித்தானைப் பார்ப்பார், கடை சின்னது என்றா, வயசு என்றா, பெண்குழந்தை இருக்கிறது என்றா, எலுமிச்சஞ் சாதத்தைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாதோ. மனசு நோகாதாம். சென்னியப்பனுக்கு என்ன தெரியும், அவர் வீட்டில் லாரி வந்து நின்றதா? தனக்கு நடந்ததையே தான் இன்னொருத்தருக்குச் செய்யப் போகிறோம், அதுவும் காலாட்டிக்கொண்டு தண்ணீரை வேடிக்கை பார்த்தபடி. அவளுக்கு அருவருப்பாக இருந்தது. "நங்கை, மேஜிக் ஷோவுக்கே போலாமுங்க" என்றாள். நங்கை நின்றாள். கண் கலங்கியது. "அம்மிணி, நெசமாத்தான் சொல்றியா?" நேரில் வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் போகிறேன் என்று சொல்ல வேண்டும், சொல்லவில்லை. நங்கை அதற்குள் ஹேண்ட்பேக்கைத் திறந்து, காலையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிவைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டாள். பூவைப் பிடுங்கியா எறிய முடியும்? பூவோடு நடந்தாள். போய், உட்கார்ந்து, இந்தாங்க இன்ன காரணம், எனக்கு வேண்டாமுங்க என்று சொல்லிவிட வேண்டும். இன்ன காரணம் என்றால் எது? பயமாயிருக்குதுங்க என்று சொன்னால், என்ன பயம் என்று அவர் கேட்டால், அதற்கு ஒரு பதில் சொன்னால், அப்படிப் பேச்சு வளர்ந்தால் அது வேண்டாம் என்பதில்தான் போய் நிற்கும் என்பதற்கு என்ன நிச்சயம்? அரங்க வாசலை நெருங்க நெருங்க, வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

உள்ளே குளிர் முகத்தில் அடித்தது. இடப்பக்கம் முன்வரிசையில் சந்திப்பது என்று தரகர் பேச்சு, இடப்பக்கம் முன்வரிசை காலியாக இருந்தது. கொஞ்சம் முன்னாடியே வந்துட்டமாட்டக்குது என்று சொல்லிக்கொண்டே நங்கை பக்கத்து மூன்று நாற்காலிகளில் ஹேண்ட்பேக்கையும் தண்ணீர் பாட்டிலையும் பிள்ளைகளின் ஈரத் துண்டையும் போட்டு இடம் பிடித்தாள். கூட்டம் வந்தது. ஆள் வருதுங்க, ஆள் வருதுங்க என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி முறைத்துவிட்டுப் போனாள், காலேஜ் பையன்கள் எங்கேக்கா ஆளு, காணவே காணோம் என்று கிண்டலடித்தார்கள், நங்கை துண்டை நீவிச் சரியாக விரித்தாள். விளக்கு அணைந்தது. மேடையில் கோட்டுப் போட்டவர் குடைக்குள்ளிருந்து புறாவை எடுத்தார், புறாவைக் கைக்குட்டை ஆக்கினார், எல்லோரும் தட்டினார்கள், நங்கையும் தட்டினாள், வாசலைப் பார்த்தபடி. பூங்கொடி வாசலைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த ஈரத் துண்டையே பார்த்தாள், அதில் வாத்துப் படம் போட்டிருந்தது, ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்தது. வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல வந்தவளுக்கு வராததில் என்ன நஷ்டம், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே, ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே போனது, படி இல்லாத இடத்தில் கால் வைத்த மாதிரி. என்ன குறை கண்டார்? பிடித்துக்கொண்டது, பழைய நோய், கண்மூடித் திறப்பதற்குள். உப்பைச் சொன்னதா? சாப்பாட்டில் குறை சொல்கிறவள் என்று தாயார் நினைத்திருப்பார். பித்தானை முறைத்தது தெரிந்திருக்கும். சிரித்தபோது ஈறு தெரிந்திருக்கும், சிரித்தாளா, சிரிக்கவே இல்லையே, சிடுமூஞ்சி என்று நினைத்திருப்பார். விரித்து விரித்துப் பார்க்க இன்னும் பத்து வருஷத்துக்கு இது போதும், அறுபது வரைக்கும்கூட இழுக்கலாம். மேடையில் ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள். ஊழியர் ஒருவர் குனிந்து வந்து, "மேடம், ஆள் வரலைன்னா துண்டை எடுத்துக்கறீங்களா, பின்னாடி நின்னுட்டிருக்காங்க" என்றார். நங்கை பூங்கொடியின் முகத்தைப் பார்க்காமல் துண்டை எடுத்து மடித்தாள். அந்த மடிப்பைப் பார்க்கப் பூங்கொடியால் முடியவில்லை. எழுந்தாள். "எங்கீம்மிணி?" "வந்தர்றனுங்க."

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது, மேகம் ஏமாற்றிவிட்டுப் போயிருந்தது. டைவிங் அரங்கம் பூங்காவின் மறுகோடி, அவள் வேகமாக நடந்தாள், போகக் கூடாது, முறையல்ல, பொம்பளை தானாகப் போய்க் கேட்பதா, ஊரில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று காலுக்கு யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கால் கேட்கவில்லை. வட்டமான குளம், அதைச் சுற்றிப் படிக்கட்டு வரிசைகள், நடுவில் பனைமர உயரத்துக்கு ஓர் இரும்பு ஏணி, அதன் உச்சியில் சிவப்பு ஜட்டிக்காரன் ஒருவன் கைகளை விரித்து நின்றான். மூன்றாவது வரிசையில் அவர்கள் இருந்தார்கள். தாயார்தான் முதலில் கண்டார், கண்டதும் ஏணி உச்சியை மிகவும் அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் நேராகப் பார்த்தது, தலையிலிருந்த பூவைப் பார்த்தது. கிருபாகரன் எழுந்து நின்றார். "உக்காருங்க" என்றாள், தானும் ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். "நீங்க அங்க வரலீங்க."

"இல்லீங்க" என்றார்.

"அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"தரகர் சொல்லலீங்களா?"

"சொன்னாருங்க. நீங்க சொல்லுங்க."

அவர் தாயாரைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், யாரும் சத்தம் போடாதீங்க, அவரு மனசு ஒருமுகப்படணும் என்றார், கூட்டம் மொத்தமும் மேலே பார்த்தபடி மூச்சடக்கியது. அந்த அமைதியில் அவர் மெல்லப் பேசியதும் உரக்கவே கேட்டது. "வேண்டாமுங்க" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். அவர் முகம் கன்றியது, ஆனால் நிறுத்தவில்லை. "உங்ககிட்டக் கொறை ஒண்ணும் இல்லீங்க. நானும் இவளும் ரெண்டு பேராவே பழகிட்டமுங்க. மூணாவதா ஒருத்தரைக் கூட்டியாந்து, அவிங்களுக்கு ஒண்ணும் குடுக்க முடியாமப் போயிருமோன்னு பயமா இருக்குதுங்க. அம்மா கட்டாயப்படுத்துச்சுன்னு வந்துட்டன். வந்திருக்கக் கூடாதுங்க." மேலேயிருந்தவன் குதித்தான், தண்ணீர் பிளந்து மூன்று வரிசைவரை தெறித்தது, கூட்டம் எழுந்து தட்டியது. பூங்கொடி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் வேண்டாம்னு சொல்லத்தான் அங்கே வந்தேன் என்று சொல்லலாம், சொன்னால் எட்டாத பழம் புளிக்கும் என்பது போலிருக்கும், தவிர அது பொய் என்று இப்போது தெரிந்துவிட்டது, அங்கே அந்த இருட்டில் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவள் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பாள். வலித்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். ஆனால் வலி அந்த ஒரு வார்த்தையின் அளவுக்குத்தான் இருந்தது, அதைத் தாண்டி ரசத்துக்கும் முழங்கைக்கும் ஈறுக்கும் பரவவில்லை, பரவுமா என்று ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்தாள், இல்லை. அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் வேண்டாம் என்று சொன்னால்தான் இன்னொருவர் எழுந்து போக முடியும். "சரிங்க" என்றாள் பூங்கொடி. எழுந்தாள், போனாள்.